அச்சுமுறுக்கு நட்சத்திரம்

புதுக்கோட்டை,
18-10-1938

சௌபாக்கியவதி சொர்ணவல்லிக்கு ஆவுடையப்பன் ஆசீர்வாதம். இங்கு நானும் அச்சுக்கூடமும் சௌக்கியம். அங்கு நீயும் மாமாவும் அத்தையும் சௌக்கியமாக இருப்பதற்கு எழுத வேண்டியது.

மாசியில் பொன்னமராவதிக்குப் போனாய். இப்போது ஐப்பசி. அடைமழையில் மேற்குச் சுவர் ஓரமாக ஒழுகுகிறது. நீ வழக்கமாக எந்த அண்டாவை வைப்பாய் என்று தெரியாததால் எல்லாவற்றையும் வைத்திருக்கிறோம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வேலை தொடங்கிவிட்டது. சர்க்கார் கச்சேரியில் உள்ளவர்கள் அத்தனை பேரும் நெற்றியில் விபூதியோடு வந்து, ஏசுநாதர் பிறந்தநாளுக்கு வெள்ளைக்காரத் துரைக்கு அனுப்ப அட்டை வேண்டும் என்கிறார்கள். சென்ற வருஷம் அட்டை அனுப்பாத ஒருவருக்குத் தூரத்து ஊருக்கு மாற்றல் ஆயிற்று. இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தஸ்து விதி பழையபடிதான். கச்சேரிக்குப் பெரியவரான சிரஸ்தார் அனுப்பும் அட்டையில் மூன்று நட்சத்திரம், தாசில்தாருக்கு இரண்டு, குமாஸ்தாக்களுக்கு ஒன்று. ஒரு குமாஸ்தா தனக்கு இரண்டு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஒரு நட்சத்திரமும் அதற்கு ஒரு வாலும் போட்டுத் தருவதாகச் சமாதானம் செய்து அனுப்பினேன்.

நிற்க. நீ செதுக்கிய மர அச்சுகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. சவுக்கு மரம், மணி, வீடு எல்லாம் சரி. பனிக்குத் தூவுகிற காக்காய்ப்பொன் பொடி பாதி டப்பா இருக்கிறது. ஜெகதாப்பட்டினத்துக் கழிமுள்ளி இலையை மாதிரிக்கு வைத்து நீ செய்வித்த வெட்டச்சும் இருக்கிறது. யந்திரத்தில் வைத்து அமுக்கினால் இன்றைக்கும் முள் முள்ளாக இலை விழுகிறது. அது கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடும் சீமை முள் இலை இல்லை என்று சீமைக்காரர்களே சொல்ல மாட்டார்கள். நட்சத்திரத்தை மட்டும் காணோம். அது உன் அச்சுமுறுக்கு இரும்பு என்பதும், நீ அதைக் கொண்டுபோய்விட்டாய் என்பதும் பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஆகவே மேற்படி இரும்பை யாராவது வருகிறவர்களிடம் கொடுத்தனுப்பவும்.

யந்திரம் சுற்றுகிற மூக்கன் அடிக்கடி, "ஆத்தா எப்ப வாராங்க?" என்று கேட்கிறான். அவன் சரியாகச் சாப்பிடுவதில்லை. தூக்கமும் இல்லை என்கிறான்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்


பொன்னமராவதி,
25-10-1938

அத்தான் அவர்களுக்கு சொர்ணவல்லி நமஸ்காரம். இங்கு எல்லோரும் சௌக்கியம். தங்கள் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்தது. தீபாவளிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறீர்களோ என்று அம்மா கேட்டாள். முறுக்கு இரும்பைத்தான் கூப்பிட்டிருக்கிறார் என்றேன்.

அந்த இரும்பு அம்மா எனக்குச் சீராகக் கொடுத்தது. அதில் இந்தத் தீபாவளிக்கு முறுக்கு சுட்டோம். எண்ணெயில் போட்டால் முறுக்கு, மையில் தொட்டால் நட்சத்திரம். இத்தனை வருஷமும் துரைமார் மேஜையில் இருந்தது எங்கள் வீட்டு முறுக்குதான் என்று சொன்னால் அப்பா சிரிக்கிறார். அனுப்புவதற்கு இல்லை. முறுக்கு வேண்டுமானால் ஒரு டப்பா அனுப்புகிறேன்.

மேற்குச் சுவருக்கு வாய் நசுங்கின பித்தளை அண்டா.

நான் ஏன் வந்தேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. தெரியும் என்று நினைக்கிறீர்களோ, தெரிய வேண்டாம் என்று நினைக்கிறீர்களோ. நானே எழுதிவிடுகிறேன்.

சென்ற கிறிஸ்துமஸுக்கு அட்டைகள் முடிந்ததும் நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு வைத்தேன். நல்ல காரியத்துக்குப் போகிற காகிதம் வெறும் மூலையோடு போகக்கூடாது என்றுதான். நீங்களும் பார்த்தீர்கள். ஒன்றும் சொல்லவில்லை. துரைசாணி அதைப் பார்த்து, இது என்ன மஞ்சள் என்று கேட்டார்களாம். கேட்டதோடு சரி. அதற்குச் சிரஸ்தார் வேர்த்துப்போய் வந்து, "எழுத்து மூலமா வெளக்கம் குடுப்பா, என் வேலை போயிரும்" என்றார். நீங்கள் எழுதி அவருக்கு வாசித்துக் காட்டினீர்கள். நான் கதவுக்குப் பின்னால் அட்டை காயவைத்துக்கொண்டு நின்றேன். "மேற்படி மஞ்சள் கறையானது என் சம்சாரம் சொர்ணவல்லி என்பவளின் அறியாமையால் நேர்ந்தது. இனி நேராது." இதுதான் வாசகம். மறந்திருக்க மாட்டீர்கள், நல்ல கையெழுத்தில் எழுதினீர்கள்.

அதற்கு முந்தின வருஷங்களில் துரை அட்டையைப் புகழ்ந்து எழுதின கடிதங்கள் உங்கள் மேஜைக்கு மேல் கண்ணாடி போட்டுத் தொங்குகின்றன. அவற்றில் உங்கள் பெயர் இருக்கிறது. என் பெயர் கச்சேரி ரிக்கார்டில் ஏறியது அந்தக் கறைக்காகத்தான்.

மூக்கனைச் சாப்பிடச் சொல்லவும். அவன் இப்படி இளைத்தால் யந்திரத்தை யார் சுற்றுவது?

இப்படிக்குத் தங்கள்,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை,
15-11-1938

சௌ. சொர்ணவல்லிக்கு ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. கவரில் விலாசம் மாமாவின் கையெழுத்து. என் பெயரை நீ வாயால் சொல்லமாட்டாய், கையாலும் எழுதமாட்டாய் என்று தெரியும். மாமாவின் கை நடுங்குகிறது போலிருக்கிறது. கவனித்துக்கொள்ளவும்.

நீ எழுதியிருந்த விஷயத்தைப் பற்றி. விளக்கம் கேட்டால் விளக்கம் கொடுக்க வேண்டும். விளக்கத்தில் ஒரு பெயர் இருக்க வேண்டும். என் பெயரைப் போட்டால் அச்சுக்கூடத்துக்கு ஆர்டர் நின்றுபோகும். மூக்கன் பெயரைப் போட்டால் அவனுக்கு வேலை போகும். உனக்கு உத்தியோகம் எதுவும் இல்லாததால் நஷ்டம் வராது என்று யோசித்துத்தான் போட்டேன். இதில் மனஸ்தாபத்துக்கு இடமில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

சந்தையில் வேறு ஓர் அச்சுமுறுக்கு இரும்பு வாங்கினேன். அதற்கு ஆறு இதழ். உன்னுடையதற்கு ஐந்து என்பதை நான் கவனித்தது இல்லை. மாதிரி அட்டையைச் சிரஸ்தார் பார்த்தார்.

"ஏம்ப்பா ஆவுடையப்பா, நட்சத்திரத்துக்கு எத்தனை மூலைன்னு ஒனக்குத் தெரியாதா?"

"எண்ணிப் பார்த்ததில்லீங்க."

"வருசா வருசம் நீதானப்பா செய்யிற?"

கடைசியில் ஆறு இதழுக்கும் சம்மதித்துவிட்டார். ஆனால் தம் அட்டையில் மொத்த இதழ் பதினைந்துக்குக் குறையக்கூடாது, தாசில்தாருக்குப் பன்னிரண்டுக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு.

இன்னொரு சங்கடம். ஒட்டின இலை எல்லாம் மறுநாள் காலையில் நுனி தூக்கிக்கொண்டு நிற்கிறது. பசையில் நீ என்ன போடுவாய்?

மழையில் மூக்கனுக்கு ஜலதோஷம். இந்தச் சமயத்தில் மிளகு ரசம் வைத்துத்தர வீட்டில் ஆள் இருந்தால் தேவலை என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்


பொன்னமராவதி,
2-12-1938

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம். மைதா மாவைக் கட்டி இல்லாமல் கரைத்துக் காய்ச்சவும். இறக்கும்போது சிட்டிகை மயில்துத்தம். இல்லாவிட்டால் பூச்சி வைக்கும். இலையின் நடுவில் மட்டும் தடவாமல் முள் நுனி வரைக்கும் தடவ வேண்டும். ஒட்டினதும் பலகை வைத்து, பலகைமேல் குழவியை வைத்துவிடுங்கள். மறுநாள் வரைக்கும் தூக்கிப் பார்க்கக் கூடாது. உங்களுக்கு அந்தப் பொறுமை இருக்காது. நீங்கள் தூக்கிப் பார்த்த அட்டைகள்தான் நுனி தூக்கும்.

காக்காய்ப்பொன் பொடியைப் பசை ஈரமாக இருக்கும்போதே தூவவும். அதிகம் தூவினால் பனி கொட்டினது போல இருக்காது, சுண்ணாம்புக் காளவாய் பக்கத்தில் சவுக்குத்தோப்பு இருப்பது போல இருக்கும்.

எனக்கு உத்தியோகம் இல்லை என்பதால் என் பெயருக்கு நஷ்டம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். அதை அப்பாவிடம் வாசித்துக் காட்டவில்லை.

பொங்கலுக்கு மாப்பிள்ளை வருவாரா என்று அப்பா கேட்கிறார். புது வெல்லம் வந்துவிட்டது. வருவதானால் முதல் பஸ்ஸில் வரவும். பிந்தினதில் கூட்டம் அதிகம்.

மூக்கனுக்கு மிளகோடு இரண்டு பல் பூண்டும் தட்டிப் போடவும். அவனுக்குப் பூண்டு பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போடவும்.

இப்படிக்குத் தங்கள்,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை,
20-1-1939

சௌ. சொர்ணவல்லிக்கு ஆசீர்வாதம். பொங்கலுக்கு வர முடியாமல் போனதற்கு மாமா மன்னிக்க வேண்டும். வேட்டியெல்லாம் மடித்து வைத்திருந்தேன். போகி அன்று கச்சேரியிலிருந்து ஆள் வந்துவிட்டான்.

விஷயம் இதுதான். இந்த வருஷம் அட்டை மூலைகளில் மஞ்சள் இல்லாமல் சுத்தமாக அனுப்பினோம் அல்லவா? துரைசாணி பார்த்துவிட்டு, போன வருஷம் இருந்த அந்த மஞ்சள் எங்கே என்று கேட்டார்களாம். இதுவும் கேட்டதோடு சரிதான். ஆனால் சிரஸ்தாருக்கு மறுபடியும் வேர்த்துவிட்டது. மஞ்சள் வைத்ததற்கு விளக்கம் கொடுத்த அதே பைலில், மஞ்சள் வைக்காததற்கும் விளக்கம் கேட்டார்.

இந்தத் தடவை யோசித்து எழுதினேன். "மேற்படி மஞ்சள் வைக்கும் என் சம்சாரம் சொர்ணவல்லி என்பவள் ஊரில் இல்லாதபடியால் விடுபட்டது." உன் பெயர் இரண்டாவது தடவையும் ரிக்கார்டில் ஏறியிருக்கிறது. இதில் கறை, அறியாமை என்று ஒன்றும் இல்லை. உனக்குத் திருப்தியாக இருக்கும் என்று நம்புகிறேன்.

இதைப் படித்த துரைசாணி, மஞ்சள் வைக்கிற அம்மாளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வருகிற மாதம் ஊட்டிக்குப் போகிறார்களாம், அதற்கு முன்னால் என்றால் நல்லது. சிரஸ்தார் கச்சேரி வண்டியையே அனுப்புவதாகச் சொல்கிறார். ஆகவே நீ உடனே புறப்பட்டு வர வேண்டியது அவசியம்.

ஒருவேளை வர முடியாவிட்டால் மஞ்சள் எப்படிக் குழைப்பாய் என்று எழுதவும். நான் வைத்துப் பார்த்தேன். ஓடுகிறது.

மூக்கன் சந்தோஷமாக இருக்கிறான். வாசலைக் கூட்டி வைத்திருக்கிறான்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்


பொன்னமராவதி,
27-1-1939

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம்.

துரைசாணி என்னைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சந்தோஷம். சிரஸ்தார் வண்டி அனுப்புகிறார். அதுவும் சந்தோஷம். என்னைப் பார்க்க வேண்டும் என்று வேறு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கடிதத்தைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

பொங்கலன்று முதல் பஸ் வருகிற நேரத்துக்கு அப்பா கடைத்தெருப் பக்கம் போய் நின்றார். பிந்தின பஸ்ஸுக்கும் நின்றார். வீட்டுக்கு வந்து, "பஸ் ரெண்டும் நேரத்துக்கு வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார்.

மஞ்சள் குழைக்கிற விதம்: கொட்டை மஞ்சளை ஊறவைத்து அரைக்கவும். தூள் கூடாது. பச்சைத் தண்ணீர் விடாமல் ஆறின வடிகஞ்சியின் தெளிவை விட்டுக் குழைக்கவும். மோதிர விரல் நுனியால் தொட்டு ஒரே தடவை வைத்து எடுக்க வேண்டும். சரியாக வைத்தோமா என்று சந்தேகப்பட்டு இரண்டாம் தடவை வைத்தால் ஓடும். இதில் ஒளிப்பதற்கு ஒன்றும் இல்லை. எல்லா வீட்டிலும் தெரிந்ததுதான்.

நான் வருவதற்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். அந்தப் பைலில் ஒரு வரி எழுதுங்கள். அட்டைகளைச் செய்தது சொர்ணவல்லி, மஞ்சள் அறியாமையால் வைத்தது அல்ல, தெரிந்து வைத்தது என்று. பிறகு நீங்கள் வந்து என்னை அழைத்துப்போங்கள். கச்சேரி வண்டி வேண்டாம்.

பொங்கலுக்கு வருவீர்களா என்று அப்பா கேட்பதாக முன்பு எழுதினேன். அப்பா கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். இப்போதும் நான்தான் கேட்கிறேன்.

இப்படிக்குத் தங்கள்,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை,
18-12-1939

சௌ. சொர்ணவல்லிக்கு ஆசீர்வாதம். கடிதம் எழுதி அதிக நாள் ஆகிவிட்டது. நீ கேட்ட காரியம் முடிந்த பிறகு எழுதலாம் என்றிருந்தேன். அது முடிகிற மாதிரி தெரியவில்லை.

நீ சொன்ன வரியை எழுதிக்கொண்டு அப்போதே சிரஸ்தாரிடம் போனேன். அவர் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"வெளக்கம் யாராச்சும் கேட்டாங்களா?"

"இல்லீங்க."

"கேக்காமக் குடுத்தா அது வெளக்கம் இல்லப்பா, மனு. மனுவுக்கு வேற பைலு. அந்தப் பைல்ல மஞ்சள் விசயமே கெடையாது. இல்லாத விசயத்துக்கு எப்படித் திருத்தம் போடுறது?"

அதிலும் நியாயம் இருக்கிறது. கச்சேரியிலிருந்து மறுபடி விளக்கம் கேட்பார்கள், அப்போது சேர்த்துவிடலாம் என்று மாசி முதல் காத்திருந்தேன். துரைசாணி ஊட்டிக்குப் போனதோடு சரி, உன்னைப் பற்றியும் மஞ்சளைப் பற்றியும் அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. யுத்தம் வந்துவிட்டதால் சீமைக்குப் போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. மஞ்சள் மட்டும் சட்டமாகிவிட்டது. நான்கு மூலையிலும் ஒரே அளவாக இருக்க வேண்டும், சிரஸ்தார் மஞ்சளைவிடக் குமாஸ்தா மஞ்சள் பெரிதாக இருக்கக்கூடாது.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை. இந்த வருஷத்து அட்டை ஒவ்வொன்றின் பின்புறமும் அடி ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி அச்சடித்தேன். "சித்திரமும் வெட்டும் முத்திரையும்: சொர்ணவல்லி." எழுத்து கோத்தது நானே. மூக்கனைக்கூடத் தொடவிடவில்லை.

சிரஸ்தார் பார்த்துவிட்டார். "தொரைக்குப் போற அட்டையில பொம்பளைப் பேரா? அதுவும் ரிக்கார்டுல தப்பு ஏறுன பேரு. வெட்டி எடுப்பா" என்றார். நாளைக்கு மறுநாள் அட்டைகள் போயாக வேண்டும். வேறு வழி இல்லை. அடி ஓரத்தை மட்டும் யந்திரத்தில் கொடுத்து நறுக்கினேன். ஒன்றுகூடக் கோணவில்லை.

நறுக்கின துண்டுகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. எல்லாவற்றையும் இதனுடன் தனிக் கவரில் அனுப்பியிருக்கிறேன். அத்தனையிலும் உன் பெயர் இருக்கிறது. பார்த்தால் உனக்குத் திருப்தியாக இருக்கும்.

நட்சத்திரம் இன்னும் ஆறு இதழாகவே இருக்கிறது. உன் இரும்பு கிடைத்தால் நல்லது.

மூக்கன் கேட்டபடியே இருக்கிறான்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்


பொன்னமராவதி,
8-1-1940

அத்தான் அவர்களுக்கு நமஸ்காரம்.

துண்டுகள் வந்து சேர்ந்தன. ஒரு கை நிறைய என் பெயர். முதலில் என்னவென்று புரியவில்லை. புரிந்த பிறகு இரண்டு வாரம் உங்களுக்கு எழுதவில்லை. அம்மா அவற்றை எடுத்து ஊறுகாய் ஜாடிகளுக்கு ஒட்டிவிட்டாள். நார்த்தங்காய், மாவடு எல்லாம் இப்போது சொர்ணவல்லி. பசை மட்டும் நன்றாகப் பிடித்திருக்கிறது, என் பக்குவத்தில் காய்ச்சினது.

மாடு பார்க்க இந்த வாரம் மூக்கன் சந்தைக்கு வந்திருந்தான். வீட்டுக்கும் வந்தான். இளைத்தவனாகத் தெரியவில்லை.

"ஏன் மூக்கா, சரியாச் சாப்பிடுறதில்லையாமே?" என்று கேட்டேன்.

"யாரு, நானா? மூணு வேளையும் ஒழுங்காத்தான் திங்கிறேன் ஆத்தா."

"ராத்திரி தூக்கம் இல்லைன்னு எழுதியிருந்தாங்களே?"

"படுத்தாப் பொணம் மாதிரித் தூங்குவேன்னு எம் பொண்டாட்டி ஏசுறா. நீங்க வேற."

"ஆத்தா எப்ப வாராங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கியாமே?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "நான் எங்கிட்டுக் கேட்டேன்? ஐயாதான் யந்தரத்தைத் தொடைக்கிறப்ப, 'எப்ப வருவான்னு கேளுடா மூக்கா'ம்பாரு. யாருகிட்டக் கேக்குறதுன்னு எனக்குத் தெரியல."

அவன் போன பிறகு சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு, அந்த மூன்று வேளையும் சாப்பிடாதது யார் என்று நினைத்துக்கொண்டேன். மிளகு ரசத்தில் நான் போடச்சொன்ன பூண்டையும் நினைத்துக்கொண்டேன்.

ரிக்கார்டு கிடக்கட்டும். அது கச்சேரிக்காரர்களுடையது, அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஒரு வரியும் திருத்த வேண்டாம்.

முறுக்கு இரும்பை மூக்கனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஐந்து இதழ் சரியாக இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். பசை சொல்லிவிட்டேன், மஞ்சள் சொல்லிவிட்டேன், இரும்பும் வந்துவிட்டது. இனி என்னிடம் கேட்டு வாங்க வேண்டிய சாமான் எதுவும் இல்லை. ஆகையால் இனி உங்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தால், எதற்காக எழுதியிருக்கிறீர்கள் என்று பிரிக்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிடும்.

பெட்டி கட்டுவதற்கு எனக்கு அதிக நேரம் ஆகாது.

இப்படிக்குத் தங்கள்,
சொர்ணவல்லி


புதுக்கோட்டை,
5-12-1942

சௌ. சொர்ணவல்லிக்கு ஆசீர்வாதம். மாமாவும் அத்தையும் சௌக்கியமா?

உன் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டும் என்று பல தடவை உட்கார்ந்தேன். ஆசீர்வாதம், க்ஷேமம் எல்லாம் எழுதிவிடுவேன். அதற்கு மேல் எழுதுவதற்கு விஷயம் அமையவில்லை. இரும்பு வந்துவிட்டது. பசை நன்றாக ஒட்டுகிறது. மஞ்சளும் ஓடவில்லை. குறை ஒன்றும் இல்லாதபோது எதை எழுதுவது என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவேன். இப்படியே மூன்று வருஷம் போய்விட்டது.

இந்த வருஷம் அட்டை வேலை இல்லை. காகிதத்துக்குக் கட்டுப்பாடு. யுத்தகாலத்தில் வாழ்த்து அட்டை அனுப்ப வேண்டாம் என்று உத்தரவு வந்திருக்கிறது. கச்சேரியில் எல்லோருக்கும் ஏசுநாதரிடம் இருந்த பக்தி ஒரே நாளில் குறைந்துவிட்டது. சிரஸ்தார் ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். மஞ்சள் பைலைப் பற்றி விசாரித்தேன். பழைய காகிதங்களை மூட்டை கட்டினபோது அதுவும் போய்விட்டதாம். உன் பெயர் இப்போது எந்த ரிக்கார்டிலும் இல்லை.

மூக்கன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆவணியில் போனான். கேட்பதற்கு இப்போது இங்கே ஆள் இல்லை.

யந்திரம் துருப் பிடிக்கக்கூடாது என்று ஓர் அட்டை மட்டும் செய்தேன். சென்ற வருஷத்துத் துண்டு அட்டை ஒன்று மிஞ்சியிருந்தது. சவுக்கு மரம், கழிமுள்ளி இலை, பனி எல்லாம் இருக்கிறது. எத்தனை நட்சத்திரம் போடுவது என்றுதான் தெரியவில்லை. அச்சுக்கூடக்காரனின் அந்தஸ்துக்கு விதி எதுவும் எழுதிவைக்கவில்லை. ஒன்று போட்டிருக்கிறேன். யாருக்கும் அனுப்ப வேண்டியது இல்லாததால் உனக்கு அனுப்புகிறேன்.

நட்சத்திரம் குத்தும்போதுதான் கவனித்தேன். முறுக்கு இரும்பின் கைப்பிடி ஆடுகிறது. முன்பு ஒரு தடவை இப்படி ஆடினபோது நீ யாரிடமோ கொடுத்து இறுக்கினாய். யார் என்று தெரிவிக்கவும்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதியிருந்தேன். விஷயத்துக்குச் சம்பந்தம் இல்லாததால் அடித்துவிட்டேன். மை கொஞ்சம் ஊறியிருக்கும். தவறாக நினைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
ஆவுடையப்பன்


பொன்னமராவதி,
14-12-1942

மகாராஜராஜஸ்ரீ ஆவுடையப்பன் அவர்களுக்கு.

அப்பாவுக்குக் கண் தெரிவதில்லை. அதனால் கவர்மேல் விலாசத்தை நானே எழுதினேன். உங்கள் பெயர் எழுத வராது என்று நினைத்திருந்தேன். வந்தது.

அட்டை கிடைத்தது. இலையின் முள் எதுவும் தூக்கவில்லை. மஞ்சள் நான்கு மூலையிலும் ஒரே தடவையில் வைத்தது போல இருக்கிறது. இனி இந்த வேலையில் நீங்கள் யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கைப்பிடியை இறுக்கினவர் திருமயத்து நாகராசு ஆசாரி. கோட்டை வாசலுக்கு எதிரே பட்டறை. ஆணி மட்டும் மாற்றினால் போதும், பிடியை மாற்றச் சொன்னால் சம்மதிக்க வேண்டாம்.

கேட்டிருந்தது இது ஒன்றுதான். வேறு ஏதாவது கேட்டிருக்கிறீர்களா என்று மறுபடியும் படித்தேன். அடித்திருந்த வரியையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். முன்புறமாகவும் பார்த்தேன், திருப்பிப் பின்புறமாகவும் பார்த்தேன். ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

இத்தனை வருஷத்தில் உங்கள் கையால் இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

இப்படிக்கு,
சொர்ணவல்லி